பாதி வட்டத்தில் திரும்பிய வேன்: ஐஸ்லாந்தில் ஒரு குடும்பத்தின் வளையச்சாலைப் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவு, மூன்று தலைமுறையைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு செப்டம்பர் மாதத்தில் ஐஸ்லாந்தைத் தாங்களே வண்டி ஓட்டிச் சுற்றிவரத் திட்டமிட்டதையும், அந்தத் திட்டம் நான்காம் நாளில் முறிந்ததையும், முறிந்தபின் அவர்கள் எடுத்த முடிவுகளையும் பற்றியது. குடும்பத்தில் கணவன், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், கணவனின் பெற்றோர் ஆகியோர் இருந்தனர். அந்தத் தீவில் இருமுறை வண்டி ஓட்டியிருக்கிறேன் என்பதால் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுமாறு என்னைக் கேட்டார்கள். ஆகவே கீழே வரும் பிழைகளில் சில என்னுடையவை. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

தீவைச் சுற்றி ஓடும் முதலாம் எண் சாலையை வளையச்சாலை என்பார்கள். அதன் நீளம் சுமார் 1,320 கி.மீ. நகருக்கு வெளியே தார்ச்சாலையில் மணிக்கு 90 கி.மீ., சரளைச்சாலையில் 80 கி.மீ., ஊருக்குள் 50 கி.மீ. என்பது வேக வரம்பு. எட்டு இரவுகள் கையில் இருக்கும் ஒருவர் 1,320ஐ எட்டால் வகுத்து, நாளுக்கு 165 கி.மீ. தானே என்று எண்ணுவது இயல்பு. இந்தக் குடும்பமும் அப்படித்தான் எண்ணியது. ஆனால் அந்தச் சாலை வளையமானதே 1974இல்தான். தெற்குக் கரையில், வாட்னாயோகுல் பனிமலையின் அடியில் பரந்து கிடக்கும் ஸ்கெய்தராரசாந்தூர் என்ற கருமணல் வெளியில் பாலங்கள் கட்டி முடிக்கும்வரை, தீவின் தென்கிழக்கில் வாழ்ந்தவர்கள் தலைநகருக்கு வர வடக்கு வழியாகத் தீவையே சுற்ற வேண்டியிருந்தது. 1996 நவம்பரில், பனிமலைக்கு அடியில் நிகழ்ந்த எரிமலை வெடிப்பின் உருகுநீர் ஒரே வெள்ளமாக இறங்கி அதே இடத்தில் பாலங்களை அடித்துச் சென்றது. வளையம் கடைசியாகப் பொருந்திய இடமும் பிறகு உடைந்த இடமும் ஒன்றே. இந்தச் செய்தியைப் பயணத்துக்கு முன்பே நான் அறிந்திருந்தேன். வரலாற்றுச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்தேன் என்பதுதான் குறை.

முதல் திட்டமும் அதில் செய்த மாற்றங்களும்

குடும்பம் அனுப்பிய முதல் திட்டத்தில், இரவு முழுவதும் விமானத்தில் வந்து விடியலில் இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குட்ல்ஃபோஸ் அருவி மூன்றையும் அன்றே பார்ப்பதாக இருந்தது. கடைசி இரண்டு நாட்களில் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பமும் சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டையும் மாற்றச் சொன்னேன். தூக்கமில்லாத ஒருவர், இடப்புறம் ஓட்டிப் பழகிய கையோடு, வலப்புறம் ஓட்டும் நாட்டில் முதல் நாளே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. (அந்த நாடே 1968 மே 26 வரை இடப்புறம் ஓட்டியதுதான். ஒரே நாளில் மாறினார்கள். ஆனால் அவர்கள் அதற்கு முந்தைய இரவில் உறங்கியிருப்பார்கள்.) முதல் நாள் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள தலைநகர் ரெய்க்யவிக் வரை மட்டும் என்றும், ஸ்னைஃபெல்ஸ்னெஸ் வேண்டாம் என்றும் முடிவாயிற்று.

திருத்திய திட்டம் இவ்வாறு அமைந்தது. இரண்டாம் நாள் திங்வெட்லிர் பக்கம். மூன்றாம் நாள் தென்கரை அருவிகளைப் பார்த்துவிட்டு வீக் என்ற சிற்றூரில் தங்கல். நான்காம் நாள் வீக்கிலிருந்து ஹோப்ன் வரை 272 கி.மீ. ஐந்தாம் நாள் கிழக்குக் கடற்கழிகளைச் சுற்றி எய்கில்ஸ்தாதிர். ஆறாம் நாள் மீவாட்ன் ஏரி. ஏழாம் நாள் அக்குரேரி. எட்டாம் நாள் அங்கிருந்து 388 கி.மீ. ஓட்டித் தலைநகர். ஒன்பதாம் நாள் காலை விமானம்.

வண்டி விஷயத்தில்தான் அதிக நேரம் பேசினோம். ஆறு பேருக்கு ஏழு இருக்கை வண்டி போதும் என்று முதலில் பதிந்திருந்தார்கள். மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு கைப்பைகளுக்குத்தான் இடம் இருக்கும் என்பதைப் படத்தில் காட்டியபின் மாற்று தேடினோம். இரண்டு சிறிய கார்கள் எடுப்பது ஒரு வழி. மனைவிக்கு உரிமம் இருந்தது. ஆனால் அறியாத நாட்டில் வழி முழுவதும் தனி வண்டி ஓட்ட அவர் தயங்கினார். ஆகவே ஒன்பது இருக்கை கொண்ட, உயரமான, ஆட்டோமேட்டிக் கியர் வேன் ஒன்றை எடுத்து, மனைவியைக் கூடுதல் ஓட்டுநராக ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். 135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால் மகனுக்கு ஒன்று எடுக்கப்பட்டது. உயரமான வேனின் பக்கவாட்டுப் பரப்பு காற்றுக்குப் பாய்மரம்போல் ஆகும் என்பதைச் சொன்னேன். அதன் விளைவை எண்களாக்கிச் சொல்லும்போது தவறினேன்.

ஐஸ்லாந்தில் காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டர் என்றே சொல்வார்கள். வானிலை மையத்தின் பக்கமும், சாலைத் துறையின் வரைபடமும், சாலையோர மின்பலகைகளும் எல்லாம் அந்த அலகில்தான். 15 மீட்டரைத் தாண்டினாலே உயரமான வண்டிகள் கவனமாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் அதை மாற்றி, “காற்று 55க்கு மேல் போனால் வேனை எடுக்க வேண்டாம்” என்று குறிப்பில் எழுதினேன். மணிக்குக் கிலோமீட்டர் என்ற அலகை எழுதவில்லை. அது தன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது தவறு முடிவுப் புள்ளி பற்றியது. வளையமான வழியில் ஒரு சிக்கல் உண்டு. நேர்வழியில் எங்கே நின்றாலும் திரும்பிப் போகும் தூரம் வந்த தூரமே. வளையத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதே கிட்டம் என்ற நிலை வந்து, வானிலை எப்படியிருந்தாலும் வழி நம்மை முன்னே தள்ளும். ஆகவே தொடர்வதா திரும்புவதா என்பதை ஒரு குறித்த ஊரில், குறித்த மாலையில் முடிவுசெய்ய வேண்டும் என்று எழுதினேன். அந்த ஊராக எய்கில்ஸ்தாதிரைக் குறித்தேன். கிலோமீட்டர் கணக்கில் அதுதான் ஏறக்குறைய பாதி வழி.

அறைகளைப் பொறுத்தவரை, ஹோப்ன் அறையையும் எய்கில்ஸ்தாதிர் அறையையும் நுழையும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம். மீவாட்ன் அறைக்கும் அப்படியே. அக்குரேரி அறையில் மட்டும் சலுகை விலைக்காக ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

முதல் மூன்று நாட்கள்

இவை பெரும்பாலும் திட்டப்படி நடந்தன. ஒற்றைத் தடப் பாலங்களில், முதலில் பாலத்தை அடைந்தவருக்கு முன்னுரிமை என்ற வழக்கத்தை மகள் கற்றுக்கொண்டு, எதிரே வரும் விளக்குகளைப் பார்த்து “அவங்க முதல்ல, அப்பா” என்று அறிவிப்பவளானாள். அந்நாட்டில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதால் அவளுக்கு அது எளிதாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ரேனிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்தக் கரையில் அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்துப் பதினைந்து சிறு அலைகளுக்குப் பின் ஒன்று வெகுதூரம் ஏறி வந்து காலை வாரி இழுத்துவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. பலர் விளக்கைக் கடந்து பாறைத்தூண்கள்வரை போனார்கள். குடும்பம் போகவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் திரும்பியவர்கள் மறுநாள் காற்றை ஏன் மதிக்கவில்லை என்ற கேள்வி எழலாம். விளக்குக்கு அலகு கிடையாது என்பதே என் விடை.

நான்காம் நாள்: காற்று

காலை எட்டு மணிக்குத் தென்கிழக்குப் பகுதிக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. அங்கே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படிகள் உண்டு. சாலைத் துறையின் வரைபடத்தில், வீக்குக்குக் கிழக்கே உள்ள மிர்தால்சாந்தூர் மணல்வெளியில் 19 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் 26 என்ற எண்ணும் தெரிந்தன. முதல் எண் சராசரிக் காற்று, இரண்டாவது வீச்சின் உச்சம். கணவன் என் குறிப்பை எடுத்துப் பார்த்தார். 55 என்று இருந்தது. 19 அதில் பாதிகூட இல்லை. ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள்.

நொடிக்கு 19 மீட்டர் என்பது மணிக்கு 68 கி.மீ. நொடிக்கு 26 மீட்டர் என்பது 94 கி.மீ. என் குறிப்பை நானே எழுதிய பொருளில் படித்திருந்தால் அவர்கள் வீக்கிலேயே இருந்திருப்பார்கள்.

ஊருக்குள் மலை மறைப்பதால் காற்று தெரியவில்லை. மணல்வெளிக்கு வந்ததும் வடக்கிலிருந்து, அதாவது ஓட்டுநர் அமர்ந்திருக்கும் இடப்பக்கத்திலிருந்து, காற்று வேனை அழுத்தத் தொடங்கியது. நேராகப் போவதற்கே ஸ்டீயரிங்கைச் சற்று இடப்புறமாகத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டியிருந்தது என்று கணவன் பின்னர் சொன்னார். காற்று ஒரு கணம் ஓய்ந்தால், பிடித்திருந்த அந்தத் திருப்பமே வண்டியை எதிர்த்தடத்துக்குக் கொண்டுபோனது. எதிரே வந்த சரக்கு லாரி கடந்த நொடியில் காற்று மறைந்து, லாரி போனதும் மீண்டும் அறைந்தது. அப்போது வேன் வலது வெள்ளைக்கோட்டைத் தொட்டது. சாலையின் குறுக்கே கருமணல் தரையோடு தரையாகப் பாம்புபோல் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் அது படும் ஓசை முறத்தில் புடைப்பதுபோல் இருந்ததாகப் பாட்டி சொன்னார். வேகத்தை 60க்கும் கீழே குறைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கடக்கக்கூடிய 72 கி.மீ. தூரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இந்த நேரத்தில் வழியில் நிறுத்தலாமா என்று மனைவி இருமுறை கேட்டிருக்கிறார். நிறுத்த இடமில்லை. ஓரம் குறுகிய சாலை, இருபுறமும் மணல். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றம். உயரமான வண்டியை அந்தக் காற்றில் பக்கவாட்டாக நிறுத்தி வைப்பதும் பாதுகாப்பானதன்று. அங்கே தொடர்ந்தது சரியான முடிவே. கிளம்பியதுதான் தவறு.

கதவு

கிர்க்யூபையார்க்ளோய்ஸ்தூர் என்ற ஊரை அங்குள்ளவர்கள் க்ளோய்ஸ்தூர் என்றே சுருக்கிச் சொல்வார்கள். வீக்குக்கும் ஹோப்னுக்கும் இடையே பெட்ரோல், கடை, அறைகள் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் ஊர் அது. பெட்ரோல் நிலையத்தில் வேன், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. முன்பக்கக் கதவுகளின் கீல் முன்னால் இருப்பதால், பின்னாலிருந்து வரும் காற்று கதவைத் திறக்கும் திசையிலேயே தள்ளும். வலது முன்னிருக்கையில் இருந்த தாத்தா ஒரு கையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கதவைத் திறந்தார். கதவு அவர் கையைவிட்டுப் பறந்து, தடுப்பைத் தாண்டி வளைந்து, முன்பக்கத் தகட்டில் மோதியது. அவருக்கு அடிபடவில்லை. கீல் வளைந்துவிட்டது. இரண்டு பேர் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த முடிந்தது. சாத்தியபின்னும் மேல்விளிம்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார்கள். கதவு பூட்டிக்கொள்கிறது என்றால் மெதுவாக ஓட்டலாம் என்றும், காற்றால் கதவுக்கு நேரும் சேதம் எடுத்திருக்கும் எந்தக் காப்பீட்டிலும் அடங்காது என்றும் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தது. சரளைக் கல் காப்பீடும், மணல்-சாம்பல் காப்பீடும் அவர்கள் எடுத்திருந்தார்கள். ஆற்றைக் கடக்கையில் நேரும் சேதமும் கதவைக் காற்று பறிப்பதும் அத்தீவின் வாடகைக் காப்பீடுகளில் பொதுவாக விலக்கப்படுபவை. காப்பீட்டுப் பட்டியலை நானும் பார்த்தேன். சேர்க்கப்பட்டவற்றைப் பார்த்தேன்; விலக்கப்பட்டவற்றைக் குடும்பத்தாரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டவில்லை.

முற்பகல் 11.40க்கு ஸ்கெய்தராரசாந்தூரிலிருந்து யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரிவரை சாலை மூடப்பட்டது. எச்சரிக்கை ஆரஞ்சாக உயர்ந்திருந்தது. மீட்புக்குழுத் தொண்டர்களின் வண்டி சாலையின் குறுக்கே நின்று வாகனங்களைத் திருப்பி அனுப்பியது.

காத்திருந்த நேரம்

அறை தேடுவதே அடுத்த வேலை. சாலை மூடியதால் கிழக்கே போக வந்த எல்லோரும் அதே ஊரில் தேங்கினர். ஊருக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை வீட்டில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஹோப்ன் விடுதிக்காரர் அன்றைய பதிவைக் கட்டணமின்றி மறுநாளுக்கு மாற்றித் தந்தார். அந்த நல்ல மனம் மறுநாள் முடிவைக் கடினமாக்கியது.

மாலை மூன்று மணிக்கு எய்கில்ஸ்தாதிர் அறையை ரத்து செய்யும் காலக்கெடு முடிந்தது. தொடர்வதா இல்லையா என்பது அப்போது முடிவாகவில்லை. முடிவாகாதபடியால் யாரும் அதைத் தொடவில்லை. இதை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். சாலை ஒரு கடிகாரத்திலும் அறைகள் வேறொரு கடிகாரத்திலும் ஓடின. என் திட்டத்தில் முதல் கடிகாரம் மட்டுமே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை காற்று தணியத் தொடங்கியபோது குழந்தைகளுடன் ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். அறுகோணக் கற்கள் தரைபோல் பதிந்திருக்கும் கிர்க்யூகோல்ஃப் அங்கே இருக்கிறது. யாரும் பாவிய தரையன்று. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது பிளந்த தூண்களின் மேற்பரப்பு. 1783 ஜூன் 8இல் தொடங்கிய லாகி பிளவு வெடிப்பு எட்டு மாதம் நீடித்தது. வீக்கிலிருந்து வரும் வழியில் பாசி போர்த்திக் கிடக்கும் கல்வெளி அதன் குழம்புதான். அதைத் தொடர்ந்த நச்சுப் புகையாலும் பஞ்சத்தாலும் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். அந்த ஆண்டு ஜூலை 20இல் பாதிரியார் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் ஊர்க் கோயிலில் ஆற்றிய உரையின்போது குழம்பு ஊருக்கு முன்னே நின்றுவிட்டதாக நினைவுகூர்கிறார்கள். முதலில் திட்டமிட்டபடி போயிருந்தால் இந்த ஊரில் பெட்ரோல் போடும் பத்து நிமிடங்கள்தான் இருந்திருப்பார்கள்.

முடிவு

நண்பகலில் சாலை திறந்தது. மேசையில் இரு வழிகள் இருந்தன.

கிழக்கே தொடர்ந்தால் மீதி சுமார் 1,060 கி.மீ. அதற்கு மூன்றரை நாள். தாத்தா கணக்குப் போட்டுச் சொன்னார்: “நாளுக்கு முந்நூறுதானே. இவ்வளவு தூரம் வந்துட்டு முழுசாச் சுத்தாமப் போறதா?” கணக்கு சரி. மீவாட்ன் இரவை விட்டுவிட்டால் எல்லாம் பொருந்தியது. ஹோப்ன் அறை காத்திருந்தது. திரும்பினால் தலைநகருக்கு 260 கி.மீ.க்கும் குறைவு.

அன்றிரவு தொடங்கி மறுநாள்வரை கிழக்குக் கடற்கரைக்கு இன்னொரு மஞ்சள் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்தது. எய்கில்ஸ்தாதிருக்கும் மீவாட்னுக்கும் இடையே உள்ள மேட்டுநிலத்தில் பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் அரிது. அங்கே செப்டம்பரிலும் பனி விழலாம். மனைவி ஒப்பந்தப்படி ஓட்டுநர்தான். ஆனால் முந்தைய நாளைக்குப்பின் அந்த வேனைக் காற்றில் ஓட்டமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் ஓட்டுநர் ஒருவர்தான். கதவில் இடைவெளி இருந்தது. என்னிடம் தொலைபேசியில் கேட்டார்கள். “இனி ஒரு மணி நேரம் சாலை மூடினாலும் விமானம் போய்விடும் என்ற நிலையில் ஓட்டப்போகிறீர்கள். அப்போது மூடுவதற்கு முன்பே போய்விடலாம் என்று தோன்றும்” என்றேன். மனைவி, “மாமா, சுத்திப் பார்க்கத்தான் வந்தோம், ஓடி முடிக்க இல்லை” என்றார். தாத்தா அதற்குமேல் வாதிடவில்லை. உடன்பட்டார் என்று எழுத மாட்டேன்.

வளையத்தைக் கைவிட்டு, பண்ணை வீட்டிலேயே மேலும் இரண்டு இரவு தங்கி, ஆறாம் நாள் யோகுல்சார்லோன் ஏரிவரை போய்த் திரும்புவது என்று முடிவுசெய்தார்கள்.

பின்னர் நடந்தவை

ஆறாம் நாள் காற்று நொடிக்கு 6 மீட்டர். இப்போது எல்லோரும் அலகோடுதான் சொன்னார்கள். ஸ்கெய்தராரசாந்தூரில், 1996 வெள்ளம் முறுக்கிப் போட்ட பாலத்தின் இரும்பு உத்தரங்கள் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு கம்பிபோல் வளைந்து கிடக்கிறது. தாத்தா அதன் அருகே நெடுநேரம் நின்றார். ஏரியில் மிதந்த பனிக்கட்டிகளில் சிலவற்றில் கருப்புப் பட்டைகள் இருப்பதைப் பார்த்து மகன் காரணம் கேட்க, பழைய வெடிப்புகளின் சாம்பல் பனியோடு பனியாக உறைந்தது என்று மகள் விளக்கினாள். போக 127 கி.மீ., வர 127 கி.மீ. மாலை வெளிச்சத்திலேயே திரும்பிவிட்டார்கள்.

ஏழாம் நாள் தலைநகர் திரும்பும் வழியில் ரேனிஸ்ஃப்யாராவில் விளக்கு மஞ்சள். எட்டாம் நாள் ரெய்க்யனெஸ் தீபகற்பத்தின் குன்னுக்வெர் நீராவித் துளைகளைப் பார்த்தார்கள். 2023 நவம்பர் 10 இரவு மக்கள் வெளியேற்றப்பட்ட கிரிந்தாவிக் ஊர் அங்கிருந்து தொலைவில் இல்லை.

இழப்பைச் சொல்ல வேண்டும். ஹோப்ன், எய்கில்ஸ்தாதிர், அக்குரேரி மூன்று அறைகளின் பணமும் போயிற்று. மீவாட்ன் மட்டும் தப்பியது. கதவுக்கான கட்டணம் அந்த மூன்றையும் சேர்த்ததைவிட அதிகம். வடக்கை அவர்கள் பார்க்கவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்குக்கு அறிவித்திருந்த இரண்டாவது காற்று எதிர்பார்த்ததைவிட மெலிதாக வந்துபோனது. ஆறாம் நாள் அந்தச் சாலை மூடப்படவில்லை. போயிருந்தால் சுற்றி முடித்திருப்பார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. இதைத் தாத்தா வரைபடத்தில் பார்த்துக் குறித்து வைத்திருந்தார், எனக்கும் அனுப்பினார். ஐந்தாம் நாள் நண்பகலில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்க்கும்போது முடிவு சரி என்பது என் கருத்து. அவர் கருத்து வேறு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முடிவுப் புள்ளியைக் கிலோமீட்டர் கணக்கில் நடுவில் வைத்தது அடிப்படைப் பிழை. வளையம் எங்கே பலவீனமோ அதற்கு முன்னால் இருக்கும் ஊரில் அதை வைத்திருக்க வேண்டும். வீக்குக்குக் கிழக்கே உள்ள மணல்வெளியில் 2011 ஜூலையில் வெள்ளம் ஒரு பாலத்தைக் கொண்டுபோனது. அதற்கு அடுத்த மணல்வெளியின் கதையை மேலே சொன்னேன். ஆகவே அந்தச் சாலையில் கிழக்கே போகிறவர்களுக்கு நான் இப்போது குறிப்பது க்ளோய்ஸ்தூர். மூன்றாம் இரவை வீக்குக்குப் பதில் அங்கே வைத்து, ஹோப்ன் அறையின் ரத்துக் காலக்கெடு முடிவதற்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே, மறுநாள் காற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்குக் கிழக்கே உள்ள அறைகள் எதிலும் சலுகை விலைக்காக ரத்து உரிமையை விடக்கூடாது. எட்டு இரவுகளில் ஒன்று ஊர் பெயரே இல்லாத காலி இரவாக இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வளையத்தைத் திட்டமிடாமல், தென்கரையில் போய்த் திரும்புவதையே திட்டமிடலாம். இக்குடும்பம் கடைசியில் செய்ததும் அதுவே.

காற்றை அந்நாட்டு அலகிலேயே எழுதுகிறேன். கைக்குறிப்பின் முதல் வரி இப்போது “நொடிக்கு 15 மீட்டர், வீச்சின் எண்ணையே பார்க்கவும்” என்று இருக்கிறது. பழகிய அலகுக்கு மாற்றித் தருவது உதவியாகத் தோன்றினாலும், பலகையில் இருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதே ஓட்டுபவருக்கு வேண்டியது.

வண்டியை எப்போதும் காற்றை எதிர்நோக்கி நிறுத்துவது, முன்கதவை இரு கையாலும் பிடித்துத் திறப்பது, ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும் என்பன வண்டியை எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொருவரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியவை. ஓட்டாதவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. கதவைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

வேனா, இரண்டு கார்களா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. தாழ்வான இரண்டு கார்கள் அன்று மணல்வெளியைச் சிரமம் குறைவாகக் கடந்திருக்கும். ஆனால் ஓட்டத் தயங்கிய ஒருவர், அதே காற்றில், இரண்டாவது காரில் தனியாகக் குழந்தையோடு இருந்திருப்பார். அடுத்த முறை உள்நாட்டு விமானத்தில் நேராக அக்குரேரிக்குப் போய், அங்கிருந்து மீவாட்ன் பக்கம் மட்டும் சுற்றலாமா என்று கணவன் கேட்டிருக்கிறார். அப்போதும் ஆறு பேர்தான். இந்தக் கேள்வி மறுபடியும் வரும்.